பழைய நிரைகளிடம் புதிய கேள்வி

ஏற்கெனவே தரவு நிறைஞ்ச ஓர் அட்டவணைக்குப் புதுசா ஒரு நிரல் சேர்க்கப் போனால், ஜாங்கோ உடனே சேர்க்காது. முதலில் ஒரு கேள்வி கேட்கும். அந்த நிரலைக் காலியாக விடலாம் எண்டு நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், பழைய நிரைகளுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுறது எண்டு அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு தெரிவு தரும். முதலாவது: இப்பவே ஒரு மதிப்பைச் சொல்லுங்கோ, பழைய நிரைகள் எல்லாத்துக்கும் அதையே போட்டுவிடுறன். இரண்டாவது: இப்ப நிப்பாட்டுங்கோ, போய் யோசிச்சு எழுதிக்கொண்டு வாங்கோ.

பெரும்பாலான ஆக்கள் ஒண்டை அமத்திவிட்டு, 0 எண்டோ, ஒரு கோடு எண்டோ, 'தமிழ்' எண்டோ எதையாவது தட்டிவிட்டுப் போவினம். அரை நிமிச வேலை. அந்த அரை நிமிசத்தில் நடப்பது தொழில்நுட்பம் மட்டும் இல்லை எண்டதுதான் நாங்கள் சொல்ல வாற விசயம். நிரல் சேர்க்கிறது கணினி வேலை. பழைய நிரைகளுக்கு என்ன எழுதுறது எண்டு தீர்மானிக்கிறது வரலாறு எழுதுற வேலை. அந்த இரண்டாவது வேலையைக் கலைப்பீடத்துப் பிள்ளையளாகிய நாங்கள் ஆற்றையோ தலையிலை கட்டிவிட்டு ஒதுங்கி நிக்கிறம்.

சொற்கள் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. இங்கே சாதாரண தரப் பாடப்புத்தகச் சொற்களையே பாவிக்கிறம். குறுக்கே ஓடுவது நிரை, நெடுக்கே ஓடுவது நிரல். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நிரல் எண்டால் புரோகிராம் எண்டு படும். இந்தக் கட்டுரையில் அது அட்டவணையின் நெடுங்கட்டம் மட்டுமே. அட்டவணையை மாத்துற வேலைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் மைக்ரேஷன். அதை இடப்பெயர்வு எண்டு மொழிபெயர்க்க எங்களுக்கு மனம் வரேல்லை. அந்தச் சொல்லுக்கு எங்கட ஊரில் வேறு பாரம் இருக்கு. ஆகவே மைக்ரேஷன் எண்டே விடுறம்.

ஒரு பத்திரிகைக் கந்தோரில் பிறந்த கருவி

ஜாங்கோ எண்ட இந்த வெப் ஃபிரேம்வேர்க் எங்கே பிறந்தது எண்டு தெரிஞ்சால் கலைப்பீட ஆக்களுக்குக் கொஞ்சம் துணிவு வரலாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோறன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட் எண்ட உள்ளூர்ப் பத்திரிகையின் இணைய வேலைக்காக 2003 அளவில் அது எழுதப்பட்டது. செய்தியாசிரியர்கள் காலையில் ஒரு யோசனை சொல்லி அண்டைக்கே பக்கம் வேணும் எண்டு நிக்கிற இடத்தில் உருவானது. 2005 இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் எண்ட கிற்றார்க் கலைஞருடையது.

அதே 2005 இல்தான் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்க்கிற 'நூலகம்' திட்டமும் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒண்டும் இல்லை. நூலகம் தளம் ஓடுவது மீடியாவிக்கியில். விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில்தான் ஓடுது. ஆனால் இரண்டும் ஒரே தேவையில் இருந்து வந்தவை. கட்டுரை, செய்தி, புத்தகம் எண்டு சிதறிக் கிடக்கிற எழுத்தை ஒழுங்குபடுத்தித் திரும்ப எடுக்கக்கூடிய மாதிரி வைக்கவேணும் எண்ட தேவை.

ஜாங்கோவில் ஒரு நிரல் சேர்க்கிறது இப்பிடி நடக்கும். அட்டவணை எப்பிடி இருக்கவேணும் எண்டு பைத்தன் மொழியில் ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பீர்கள். அதில் ஒரு வரி கூட்டுவீர்கள். பிறகு 'மேக்மைக்ரேஷன்ஸ்' எண்டு ஒரு கட்டளை. பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இடையில் என்ன மாறியது எண்டு அது ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதுக்குப் பிறகு 'மைக்ரேட்' எண்ட கட்டளை. அப்பதான் உண்மையான தரவுத்தளம் மாறும். ஜாங்கோவுக்குள்ளேயே இந்த வசதி வந்தது 2014 இல், 1.7 பதிப்பில். அதுக்கு முதல் 'சவுத்' எண்ட தனி மென்பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. லாரவெலிலும் ரெயில்ஸிலும் கட்டளைகளின் பெயர்கள் வேறு, சங்கதி ஒண்டுதான்.

ஜாங்கோ கேள்வி கேட்குது எண்டு சொன்னம். அடியில் இருக்கிற தரவுத்தளங்கள் எல்லாம் அப்பிடிக் கேட்கிறதில்லை. காலியாக விடக்கூடாத ஓர் எண் நிரலை டிபோல்ட் ஒண்டும் சொல்லாமல் நேரடியாகச் சேர்த்துப் பாருங்கோ. நிரைகள் உள்ள அட்டவணையெண்டால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் மறுக்காது. ஒரு சொல்லும் கேளாமல் எல்லா நிரைக்கும் 0 போட்டுவிடும். எழுத்து நிரல் எண்டால் வெறுமையான எழுத்துத் தொடர் ஒண்டைப் போடும். அதைச் செய்த ஆளுக்கே பழைய தரவு மாறினது தெரியாமல் போகலாம்.

பூச்சியமும் வெறுமையும்

0 எண்டால் எண்ணிப் பாத்தம், ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம். தரவுத்தளத்தில் இன்னொரு குறி இருக்கு: 'நல்'. தமிழில் எழுதினால் நல்லது எண்டு வாசிக்க வருகுது, ஆனால் அதின்ரை பொருள் 'இங்கே மதிப்பு ஒண்டும் பதியேல்லை' எண்டது. எண்ணவே இல்லை, கேட்கவே இல்லை, தெரியாது. இரண்டும் ஒண்டு எண்டு நினைக்கிறவருக்கு எங்கட மாவட்டத்தின் குடிசன மதிப்பீட்டைக் காட்டலாம்.

இலங்கையில் 1981 இல் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது. 1991 இல் நடக்கவேண்டியது நடக்கவில்லை. 2001 இல் நடந்தது, ஆனால் 25 மாவட்டங்களில் 18 இல் மட்டும்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அந்தப் பதினெட்டில் இல்லை. பிறகு 2012 இல்தான் நாடு முழுவதுக்கும் சேர்த்து எண்ணினார்கள். இப்ப யாரோ ஒருவர் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஒரு வெப்சைற் கட்டுறார் எண்டு வையுங்கோ. 1981 நிரல் இருக்கு, 2012 நிரல் இருக்கு. 2001 நிரல் சேர்க்கிறார். கருவி கேட்குது: தரவு இல்லாத மாவட்டங்களுக்கு என்ன போட?

0 போட்டால் வரைபில் யாழ்ப்பாணம் அப்பிடியே நிலத்தில் விழும், 2012 இல் திடீரெண்டு எழும்பும். அது பொய் எண்டு ஆருக்கும் தெரியும். ஆகவே அதில் ஆபத்துக் குறைவு. ஆபத்து இரண்டாவது வழியில் இருக்கு. 1981 க்கும் 2012 க்கும் இடையில் நேர்கோடு இழுத்து, நடுவில் வருகிற எண்ணைப் போட்டுவிடுவது. பாக்க ஒழுங்காய் இருக்கும், ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம். ஆனால் அந்தக் கோடு 1995 ஒக்டோபருக்கூடாக ஒரு சுளிப்பும் இல்லாமல் போகும். வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. வெறுமையாய் விட்டால் மட்டும்தான், கோடு அறுந்து நிக்கிற இடத்தைப் பாத்து வாசகர் 'இங்கே ஏன் எண்ணேல்லை?' எண்டு கேட்பார். அந்தக் கேள்விதான் எங்களுக்கு வேணும்.

இன்னொரு சிக்கலும் அதே அட்டவணையில் இருக்கு. 1981 இல் கிளிநொச்சி எண்ட மாவட்டம் இல்லை. அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1984 இல்தான் தனி மாவட்டமாகியது. பரந்தனில் 1970 இல் பிறந்த ஒருவரின் பிறந்த மாவட்டம் எது? அப்போதைய நிர்வாகத்தின்படி யாழ்ப்பாணம். இண்டைய வரைபடத்தின்படி கிளிநொச்சி. 'மாவட்டம்' எண்டு ஒரே ஒரு நிரல் வைத்தால் இரண்டில் ஒண்டைப் பொய்யாக்கத்தான் வேணும். அக்கால மாவட்டம், இக்கால மாவட்டம் எண்டு இரண்டு நிரல் வைத்தால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பைத்தன் தெரியத் தேவையில்லை. 1984 தெரிஞ்சிருக்கவேணும்.

வாசிகசாலைப் பட்டியல்

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஊர் வாசிகசாலையின் நூல்பதிவேட்டைக் கணினியில் ஏத்திக்கொண்டிருக்கிறம். கடினமட்டைக் கொப்பி, நீலக் கோடுகள், பல பேரின் கையெழுத்து. கொப்பியில் இருக்கிற நிரல்கள் ஐந்து: இலக்கம், நூலின் பெயர், ஆசிரியர், விலை, கிடைத்த திகதி. அதுக்கு மேலே எங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேணும் எண்டு பட்டது: மொழி, வெளிவந்த ஆண்டு, தந்தவர்.

எங்களோடு வேலை செய்கிற விஞ்ஞானபீட நண்பன் மொழி நிரலுக்குச் சொன்ன யோசனை இது: "எல்லாத்துக்கும் தமிழ் எண்டு போட்டுவிடு மச்சான், மற்றதைப் பிறகு மாத்தலாம்." நியாயமான யோசனைதான். அந்த அலுமாரியில் பெரும்பாலானவை தமிழ்ப் புத்தகங்கள். ஆனால் 'பிறகு' எண்டது எப்பிடி வரும்? ஆயிரத்துச் சொச்சம் நிரையிலும் 'தமிழ்' எண்டு விழுந்த பிறகு, ஓர் ஆள் புத்தகத்தை விரிச்சுப் பாத்து எழுதின 'தமிழ்' எது, கருவி தானாகப் போட்ட 'தமிழ்' எது எண்டு பிரிச்சு அறிய ஒரு வழியும் இல்லை. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே கட்டம். எதை மாத்தவேணும் எண்டு தெரிய எல்லாப் புத்தகத்தையும் திரும்ப விரிக்கவேணும். டிபோல்ட்டின் உண்மையான சேதாரம் இதுதான். பிழையான மதிப்பைப் போடுறதை விட, சரி பாத்ததுக்கும் பாக்காததுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை அது அழிச்சுவிடுறதுதான் மோசம்.

மொழி எண்டதும் ஒரே சொல்லில் அடங்காது. யாழ்ப்பாணத்தில் 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வந்த பத்திரிகை. ஒரே ஒரு மொழியைத்தான் தெரியலாம் எண்டு நிரல் கட்டினால் எங்கட மண்ணின் முதல் பத்திரிகையே அதுக்குள் அடங்காது.

ஆண்டு இன்னும் சிக்கல். பழைய பதிப்புகள் பலதில் பிரபவ, விபவ எண்டு தமிழ் வருசம்தான் அச்சடிச்சிருக்கும். அறுபது வருசத்துக்கு ஒருக்கால் அதே பெயர் திரும்பி வரும். பிரபவ எண்டால் 1867 ஆக இருக்கலாம், 1927 ஆக இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் பாத்து ஓர் ஆள் முடிவெடுக்கவேணும். சில இடத்தில் முடிவெடுக்கவே ஏலாது. இதுக்குத் திகதி நிரல் ஒண்டை வைத்தால் அது ஆண்டு மட்டும் போதும் எண்டு ஒத்துக்கொள்ளாது. மாதமும் நாளும் கேட்கும். ஆகவே ஆக்கள் ஜனவரி 1 எண்டு போட்டுவிடுவினம். ஒரு பட்டியலில் புத்தகங்கள் எல்லாம் ஜனவரி முதலாம் திகதி வெளிவந்திருந்தால், அண்டைக்கு ஊரில் புத்தகத் திருவிழா நடந்தது எண்டு நினைக்காதேங்கோ. டிபோல்ட் நடந்திருக்கு.

ஆசிரியர் நிரல் கொப்பியிலேயே இருந்தது. அதனால் பிரச்சினை இல்லை எண்டு முதலில் பட்டது. ஆனால் அதில் 'மஹாகவி' எண்டு இருக்கு. து. உருத்திரமூர்த்தி எண்டும் இருக்கு. இரண்டும் ஒரே ஆள். இயற்பெயர் எண்டு புதிய நிரல் சேர்ப்பமா? சேர்த்தால், புனைபெயரே இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் என்ன வரும்? 'தெரியாது' எண்டா, 'பொருந்தாது' எண்டா? இரண்டும் ஒண்டில்லை. தொடர்புத் தரவுத்தளம் எண்ட கருத்தை 1970 இல் முன்வைத்த எட்கார் கொட் எண்ட அறிஞரே பிற்காலத்தில் இதை யோசித்து, வெறுமைக்கு இரண்டு தனிக் குறிகள் வேணும் எண்டார்: மதிப்பு இருக்கவேணும், ஆனால் எங்களிட்டை இல்லை எண்டதுக்கு ஒண்டு, இந்த நிரைக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது எண்டதுக்கு இன்னொண்டு. பரவலாகப் பாவிக்கிற தரவுத்தளங்கள் அதை ஏற்கவில்லை. இன்றைக்கும் ஒரே ஒரு 'நல்' தான்.

சில நேரம் நிரலே பிழையான விடை. 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பை எடுங்கோ. ஆசிரியர் ஆர்? தொகுத்தவரின் பெயரை மட்டும் போட்டால் உள்ளே எழுதின கவிஞர்கள் தேடலில் வரமாட்டினம். ஆசிரியர்1, ஆசிரியர்2, ஆசிரியர்3 எண்டு நிரல்களைச் சேர்த்துக்கொண்டே போனால், எத்தனையாம் இலக்கத்தில் நிப்பாட்டுறது எண்டு சொல்ல ஏலாது. மற்ற எல்லாப் புத்தகத்துக்கும் அந்தக் கட்டங்கள் சும்மா கிடக்கும். இங்கே செய்யவேண்டியது ஆட்களுக்குத் தனி அட்டவணை, புத்தகத்துக்கும் ஆளுக்கும் இடையில் 'எழுதியவர்', 'தொகுத்தவர்', 'மொழிபெயர்த்தவர்' எண்டு உறவைச் சொல்லுகிற இன்னோர் அட்டவணை. ஜாங்கோவில் இதுக்குப் பலவற்றுக்குப் பல எண்ட உறவு இருக்கு. அதை எங்கே பாவிக்கவேணும் எண்டு தெரிய, தொகுப்பு நூல் எண்டால் என்ன எண்டு தெரிஞ்ச ஓர் ஆள் வேணும்.

நிரப்பக்கூடிய வெறுமையும் உண்டு

பழைய நிரைகளை ஒருக்காலும் தொடக்கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்லை. விதியிலிருந்து விடை வருமெண்டால் நிரப்பலாம். எங்கட அடையாள அட்டை இலக்கம் நல்ல உதாரணம். 2016 ஜனவரியில் இருந்து அது 12 இலக்கம். அதுக்கு முதல் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். பழையதில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான், புதியதில் நாலு. பழைய இலக்கத்தைப் புதிய வடிவத்துக்கு மாத்த முன்னாலை 19 போட்டு, பிறந்த நாளைக் காட்டுகிற மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. 19 எண்டதும் ஊகம்தான். ஆனால் காரணம் சொல்லக்கூடிய ஊகம், ஆருக்கும் அநியாயம் செய்யாத ஊகம். பழைய அட்டைகள் செல்லுபடியாகிக் கொண்டிருக்கிறபடியால் இரண்டு வடிவத்தையும் தாங்கக்கூடிய நிரலாக வைக்கவேணும். பத்து எழுத்துக்கு மேலே இடமில்லை எண்டு கட்டிய நிரலை அகலப்படுத்தவேணும். இந்த மாதிரி வேலைக்குக் கருவியை நம்பலாம்.

எந்த நிரலைச் சேர்க்கிறது எண்ட தீர்மானம் இதிலும் பெரிசு. ஒரு நிரலிலோ அதில் அனுமதிக்கிற பெயர்களிலோ ஒண்டு புதுசாக வரும்போது, அதுவரை சேர்ந்திருந்த ஆக்கள் பிரிந்துபோகலாம். 1911 குடிசன மதிப்பீட்டில்தான் தமிழர் எண்ட ஒரே வகை, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எண்டு இரண்டாகியது. ஒரு காகிதத்தில் ஒரு கட்டம் கூடினது, அவ்வளவுதான். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியபோது, அந்தப் பிரிவு 37 வருசமாகக் கடதாசியில் இருந்தது. சட்டத்தைக் கட்டம் கொண்டுவரவில்லை. ஆனால் யாரை வெட்டுறது எண்டு காட்டுற கோடு ஏற்கெனவே கீறிக் கிடந்தது. அண்மைக் காலத்தில் மலையகத் தமிழர் எண்ட பெயரிலேயே தங்களைப் பதியவேணும் எண்டு அந்த மக்கள் கேட்பது சும்மா சொல் மாத்துகிற ஆசை இல்லை. தங்கட நிரையில் என்ன எழுதப்படவேணும் எண்டு தாங்களே சொல்லுறதுக்கான உரிமையைக் கேட்கினம்.

அதனால் வாசிகசாலைப் பட்டியலில் 'தந்தவர்' எண்ட நிரலைப் பற்றிக் கன நேரம் கதைச்சம். புத்தகம் தந்தவரின் பெயர் ஊருக்குத் தெரியவேணுமா? அவர் அதை விரும்புவாரா? இப்ப வெளிநாட்டில் இருக்கிற குடும்பம் ஒண்டு தங்கட பெயர் வெளியில் வாறதை ஏன் விரும்பாமல் இருக்கக்கூடும்? முடிவில் நிரலைச் சேர்த்தம், வெளியே காட்டேல்லை. கேட்டுச் சம்மதம் சொன்னவர்களின் பெயரை மட்டும் காட்டுறம். அதுக்காக 'சம்மதம்' எண்டு இன்னொரு நிரல். அதில் டிபோல்ட் 'இல்லை'. டிபோல்ட் எல்லாம் கூடாது எண்டில்லை. ஆளைப் பாதுகாக்கிற பக்கம் சாய்ந்த டிபோல்ட் நல்லது.

நேரம் இல்லை எண்ட வாதம்

நாங்கள் சொல்லுறதுக்குக் கணினி படிச்ச பிள்ளையள் சொல்லுற மறுப்பு ஒண்டு இருக்கு. அது சின்ன மறுப்பு இல்லை. வெறுமை ஆபத்தானது எண்டு சொல்லுவினம். உண்மை. 'நல்' சமன் 'நல்' ஆ எண்டு தரவுத்தளத்தைக் கேட்டால் ஓம் எண்டும் சொல்லாது, இல்லை எண்டும் சொல்லாது. 'தமிழ் நூல்கள் எல்லாம் தா' எண்டால் மொழி வெறுமையாய் உள்ள புத்தகம் வராது. 'தமிழ் அல்லாத நூல்கள் எல்லாம் தா' எண்டு கேட்டாலும் வராது! இரண்டு பட்டியலிலும் இல்லாமல் அந்தப் புத்தகம் காணாமல் போய்விடும். சராசரி எடுத்தால் வெறுமைகளை விட்டுவிட்டு எடுக்கும். எத்தனையை விட்டது எண்டு சொல்லாது. அதோடு எல்லாத்தையும் ஆராய்ந்து நிரப்பிக்கொண்டிருக்க நேரம் எங்கே?

இந்த மறுப்புக்கு விடை அவர்களின் தொழிலுக்குள்ளேயே இருக்கு. பெரிய தளங்களில் அனுபவப்பட்ட ஆக்கள் நிரலை ஒரே அடியில் சேர்க்கமாட்டினம். முதல் மைக்ரேஷனில் காலியாக விடலாம் எண்டு சேர்ப்பினம். அது கண நேர வேலை, பழைய தரவு ஒண்டும் மாறாது. இரண்டாவதாக, பழைய நிரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவினம். விதியால் வரக்கூடியதைத் தரவு மைக்ரேஷன் ஒண்டு எழுதி நிரப்பலாம், மற்றதை ஆட்கள் நிரப்பவேணும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான், தேவையெண்டால் மட்டும், இனிக் காலியாக விடக்கூடாது எண்டு மூன்றாவது மைக்ரேஷன். இரண்டாவது படிக்கு ஒரு வருசம் எடுத்தாலும் தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நாங்கள் அதோடு ஒண்டு கூட்டினம். முக்கியமான ஒவ்வொரு நிரலுக்கும் பக்கத்தில் 'எப்பிடித் தெரியும்' எண்டு ஒரு நிரல். அதுக்குள் நாலு தெரிவுதான்: நூலிலேயே இருக்கு; வேறு பட்டியலில் பாத்தது; ஊகம்; இன்னும் பாக்கேல்லை. பழைய நிரைகள் எல்லாத்துக்கும் 'இன்னும் பாக்கேல்லை' எண்டு டிபோல்ட் போட்டம். ஒண்டை அமத்தித்தான் போட்டம். பழைய நிரைகள் எல்லாத்துக்கும் ஒரே நேரத்தில் உண்மையாகப் பொருந்தக்கூடிய மதிப்பு அது ஒண்டுதான். இதால் தேடலில் புத்தகங்கள் காணாமல் போறதும் நிண்டுது: இன்னும் பாக்காதவை எத்தனை எண்டு பக்கத்தின் அடியில் எப்பவும் தெரியும்.

நூலகம் தளத்தின் வேலையைப் பாத்தால் இதின்ரை இன்னொரு பக்கம் விளங்கும். அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கு. ஆசிரியர், மொழி, பக்கங்கள் போன்ற விபரங்கள் விக்கிப் பக்கத்தில் ஒரு வார்ப்புருவாக எழுதப்படும். விக்கியில் புதிய விபரம் ஒண்டைக் கூட்டுறது மிக லேசு. பழைய பக்கம் ஒண்டும் உடையாது. எழுதாத இடம் எழுதாமலே கிடக்கும். ஆர் எப்ப எதை மாத்தினது எண்டு வரலாறும் இருக்கும். ஆனால் எத்தனை பக்கத்தில் அந்த விபரம் இல்லை எண்டு எண்ணி எடுக்கிறது தரவுத்தள அட்டவணையைப் போல லேசில்லை. கட்டுப்பாடு கூடினால் பொய் நிரப்பத் தூண்டும். கட்டுப்பாடு குறைஞ்சால் எண்ண ஏலாது. எந்த இடத்தில் நிக்கிறது எண்டு ஒவ்வொரு பட்டியலுக்கும் ஆட்கள் இருந்து முடிவெடுக்கவேணும்.

எங்கட பொறுப்பு

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஏட்டுச்சுவடிகளும் போயின. எரிஞ்சதைப் பற்றி நாங்கள் மேடையில் கதைக்கிறம், ஒவ்வொரு வருசமும் எழுதுறம். மிஞ்சியதைப் பட்டியல் போடுகிற மேசையில் எங்கட பீடத்து ஆக்களைக் காணக் கிடைக்கிறது அரிது. அது கணினி வேலை எண்டு விட்டுவிட்டம். வரலாறு படிக்கிறவர், தமிழ் படிக்கிறவர், புவியியல், சமூகவியல் படிக்கிறவர்கள் அந்த மேசையில் இல்லாவிட்டால், பிரபவ எந்த ஆண்டு, மஹாகவி ஆர், கிளிநொச்சி எப்ப மாவட்டமானது எண்ட கேள்விகளுக்கு ஒரு பாவமும் அறியாத ஒரு பொடியன் இரவு பதினொரு மணிக்கு 0 போட்டுவிட்டுப் படுக்கப் போவான். அவனைக் குறை சொல்ல ஏலாது. அவனிட்டைக் கேள்வி வந்தது, எங்களிட்டை வரேல்லை.

பெரிசாய் ஒண்டும் படிக்கத் தேவையில்லை. மைக்ரேஷன் கோப்புகளை வாசிக்கப் பழகுங்கோ. 0001, 0002 எண்டு இலக்கமிட்டு வரிசையாய் இருக்கும். ஒரு தளம் எந்தக் காலத்தில் எந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினது எண்டு அதிலேயே பாக்கலாம். எங்களைப் பொறுத்தவரை அது நல்ல மூலாதாரம். மைக்ரேட் கொடுக்க முதல் பக்கப் எடுத்தாச்சா எண்டு கேளுங்கோ. சேர்த்த நிரலைத் திருப்பி எடுக்கலாம், ஆனால் எடுத்தால் அதில் எழுதினதெல்லாம் அதோடு போகும். பிறகு இந்த இரண்டையும் கேளுங்கோ: பழைய நிரைகளுக்கு என்ன விழப் போகுது? அது உண்மை எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

போன மாதம் வாசிகசாலைப் பட்டியலில் ஆண்டு வெறுமையாய்க் கிடக்கிற புத்தகங்களை மட்டும் தனியாக எடுத்து, ஐந்து தாளில் அச்சடிச்சு, விறாந்தையில் பேப்பர் வாசிக்கிற வாங்குக்கு மேலே ஒட்டினம். பக்கத்தில் நூல் கட்டி ஒரு பேனை. இரண்டு கிழமைக்குள் அந்தத் தாள்களில் பல கையெழுத்துகள் விழத் தொடங்கீட்டுது. ஓர் இடத்தில் ஆண்டு மட்டும். இன்னோர் இடத்தில் 'இது நான் ஏழாம் வகுப்பு படிக்கேக்கை வந்தது' எண்டு ஒரு வரி. எல்லாத்தையும் 'ஊகம்' எண்ட தெரிவின் கீழ் பதிஞ்சம், சரி பாக்க வேண்டிய வேலை இன்னும் இருக்கு. முதல் நாளே 0 எண்டு போட்டிருந்தால் அந்தத் தாளை அச்சடிக்கவே ஏலாது, பேனையும் தேவைப்பட்டிராது.